தளம் போடுமுன்: டைல்ஸ் கேள்வி பதில்

கேள்வி: புனலூர் கடையொன்றில் ‘இத்தாலியன், சுற்றுச்சூழலைக் கெடுக்காதது’ என்று சொல்லி இரட்டை விலை கேட்கிறார்கள். நம்பி வாங்கலாமா? (வாசகி, செங்கோட்டை)

முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள் அம்மா; தயாரான நாடு அதில் அச்சாகியிருக்கும். கடைப்பேச்சில் ‘இத்தாலியன்’ என்பது பல நேரம் பளிங்குச் சாயல் அச்சடித்த குஜராத் மோர்பி சரக்குதான். அது மட்டம் என்று பொருளில்லை, மோர்பி ஆலைகள் பலவற்றில் ஓடும் எந்திரங்களே இத்தாலியில் செய்தவை. ஆனால் இரட்டை விலைக்கு அது காரணமாகாது.

இத்தாலிய டைல்ஸின் பெரும்பகுதி வருவது எமிலியா-ரொமாஞ்ஞாவில் உள்ள சசுவோலோ வட்டாரத்திலிருந்து. ஒரு காலத்தில் அங்கே சூளைப் புகையோடு ஃபுளோரினும் ஈயமும் ஊருக்குள் கலந்தன. இன்று சுண்ணாம்புத் தூளால் ஃபுளோரினைப் பிடித்துத் துணிப்பை வடிகட்டியில் நிறுத்துகிறார்கள். மண் அரைத்த தண்ணீரும் சுடாத உடைசலும் மறுபடி கலவைக்கே போகின்றன. சுட்ட டைல்ஸ் ஆறும்போது விடும் வெப்பம் உலர்த்தும் அறைக்குப் போகிறது. இவ்வளவு செய்தும் 1,200 டிகிரிச் சூளைக்கு எரிவாயு வேண்டியிருக்கிறது. ஆகவே பெட்டியில் இலைப்படம் இருந்தால் போதாது. ஈ.என். 15804 என்ற ஐரோப்பிய விதிப்படி எழுதிய இ.பி.டி. எனும் சுற்றுச்சூழல் விவர அறிக்கையைக் கேளுங்கள், சதுர மீட்டருக்கு எவ்வளவு கரியமில வாயு என்ற கணக்கு அதில் இருக்கும். தடிமனையும் கேளுங்கள். 10 மி.மீ. டைல்ஸ் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 23 கிலோ, 6 மி.மீ. என்றால் 14 கிலோ. மண்ணும் எரிவாயுவும் லாரி டீசலும் அந்த அளவுக்குக் குறையும்.

டிசைனில் எத்தனை ‘ரேண்டம்’, அதாவது ஒன்றுக்கொன்று வேறுபட்ட அச்சுகள், என்றும் விசாரியுங்கள். நான்கே இருந்தால் கூடத்தில் ஒரே நரம்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

கேள்வி: 2-க்கு 4 அடி விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டு ஒரு வருடம்தான் ஆகிறது. தட்டினால் வெற்றுச் சத்தம். மே மாதம் கூடத்தின் நடுவில் நான்கு கற்கள் கூரைபோல எழும்பிவிட்டன. கல் மட்டமா? (வாசகர், சித்தூர், பாலக்காடு)

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கல்லைவிடப் பதித்த விதத்தின் மேல்தான் சந்தேகம் வருகிறது. இந்தக் கல் குடிக்கும் தண்ணீர் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் சிமெண்ட் பால் உள்ளே இறங்கிப் பிடிக்க வழியில்லை. சூளை உருளையில் ஒட்டாமலிருக்கப் பூசிய வெள்ளைத் தூளும் முதுகில் இருக்கும், துடைக்காமல் பதித்தால் பசை தூளைத்தான் பிடிக்கும். இதோடு இடைவெளி விடாமல் முட்டிப் போட்டிருந்தால், புதுக் கான்கிரீட் சுருங்கும்போதும் வெயிலில் கல் விரியும்போதும் போக இடமின்றி மேலே எழும்பும்.

திரும்பப் போடும்போது தளக்கலவை 28 நாள் காய்ந்திருக்கட்டும். கல்லை ஊறப்போட வேண்டாம், முதுகை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பாலிமர் கலந்த டைல்ஸ் பசையைப் பையில் அச்சிட்ட தண்ணீர் அளவில் (20 கிலோவுக்குப் பெரும்பாலும் 5 லிட்டர் அளவில்) கலக்கி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்குங்கள். கொத்தனார் இளக்கமாக இருக்கட்டும் என்று பின்னால் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். 10 அல்லது 12 மி.மீ. பல் கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுத்து, கல்லின் முதுகிலும் மெல்லிய பூச்சு கொடுக்க வேண்டும். பசையில் விரல் வைத்தால் ஒட்ட வேண்டும், ஏடு கட்டியிருந்தால் சுரண்டி எறிய வேண்டியதுதான். முதல் கல்லைப் பதித்ததும் தூக்கிப் பாருங்கள். மூலைகளில் பசை படாமலிருந்தால் முறையை மாற்றுங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை வைத்துப் போட அனுமதிக்கவே கூடாது.

கல்லுக்குக் கல் 3 மி.மீ., சுவரோரம் 6 மி.மீ. சுவரோர இடைவெளியைக் கலவையால் அடைக்காதீர்கள், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துக்கொள்ளும். ஒரு நாள் கழித்துக் கற்களுக்கு இடையே கிரவுட் (இடைவெளி நிரப்பும் கலவை) போடலாம். எழும்பாத கற்களையும் தட்டிப் பார்த்து, சத்தம் வரும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். ஒட்டியிருப்பதைப் பெயர்க்கத் தேவையில்லை. நல்ல கல்லை உடைத்துக் கொட்டினால், அதைச் சுட்ட எரிவாயுவும் குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

கேள்வி: பழைய மொசைக் தரையை உடைக்காமல் மேலேயே டைல்ஸ் போடலாமா? (வாசகர், நகரி, ஆந்திரம்)

மொசைக் உறுதியாக இருந்தால் தாராளமாக. மெழுகும் எண்ணெயும் போகக் கழுவி, வழவழப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பிரைமர் பூசி, 6 மி.மீ. டைல்ஸைப் பசையில் பதிக்கலாம். உடைசல் மூட்டையும் மிச்சம். ஆனால் தரை ஏறத்தாழ ஒரு செ.மீ. உயரும். கதவுகளின் அடிப்பக்கத்தைச் சீவ வேண்டியிருக்கும். குளியலறை வாசலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை ஒரு வாளி ஊற்றிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.