லென்ஸை மாற்றிப் போடக்கூடிய பழைய நிக்கான் டி90 கேமரா இருக்கிறது. அதை விற்றுவிட்டு, ஜூம் லென்ஸ் உடலோடு சேர்ந்தே வரும் நிக்கான் பி900 வாங்கலாமா?

எதைப் படம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2008இல் வந்த டி90க்கு 12 மெகாபிக்சல்தான். 2015இல் வந்த பி900க்கு 16. இந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். பார்க்க வேண்டியது சென்சாரின், அதாவது ஒளியைப் படமாக மாற்றும் சில்லின், அளவு. டி90இன் சென்சார் சுமார் 23.6 × 15.8 மி.மீ.; பி900இல் இருப்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது, 6.2 × 4.6 மி.மீ. பரப்பில் ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு வித்தியாசம். மாலை மங்கியதும், கல்யாண மண்டபத்துக்குள்ளும் இது பளிச்சென்று தெரியும். சின்ன சென்சாரில் ஐஎஸ்ஓவை (மங்கிய வெளிச்சத்திலும் படம் வெளிச்சமாக வர வைக்கும் அமைப்பு) ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும், அதை மறைக்கப் போய் கேமராவே முடி, இறகு எல்லாவற்றையும் மெழுகிவிடும். போதாக்குறைக்கு பி900இல் பிறகு திருத்திக்கொள்ள வசதியான, சென்சார் பதிந்தபடியே இருக்கும் ரா (RAW) கோப்பு கிடையாது, கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக் (JPEG) மட்டும்தான்.

சரி, அப்புறம் ஏன் அதை வாங்குகிறார்கள்? 83 மடங்கு ஜூம், அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்கில் 24இலிருந்து 2000 மி.மீ. லென்ஸுக்கு இணையான வீச்சு; எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும். நிலா படத்தின் உயரத்தில் முக்கால் பங்கை அடைத்துக்கொள்ளும். டி90இல் 300 மி.மீ. லென்ஸ் போட்டாலும் 450க்கு இணைதான். நல்ல வெயிலில் மரக்கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு பி900ஐ அடிக்க முடியாது. அதே பறவை பறந்தால் டி90தான்; பி900இன் மின்திரையில் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும்.

நானாக இருந்தால் டி90ஐ விற்கமாட்டேன். இன்று அதற்குப் பெரிய விலையும் கிடைக்காது. நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் பழைய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று வாங்கி அதில் போட்டுப் பாருங்கள்.