வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் சரியாக இருந்தது, வகுப்பில் ஏன் சொதப்பியது?

கேள்வி: டிப்ளோமா முதல் பருவத்தில் டிஜிட்டல் ஊடகம் எனக்கு ஒரு பாடம். எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவது (ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது) பற்றி 7 நிமிடம் படைத்தேன். வீட்டில் சரியாக இருந்த தமிழ், வகுப்புக் கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகிவிட்டது. பாட்டியைப் பேட்டி எடுத்த காணொளியில் குரல் எங்கோ கேட்கிறது, படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. நான் பேசும்போது எல்லாரும் திரையையே வாசித்துக்கொண்டிருந்தார்கள். எதைத் திருத்துவது?
– மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: தமிழ் ஆங்கில எழுத்தாக மாறியது என்றால் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் கிடக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளிலும், கைப்பேசியில் செல்லினம் செயலியிலும் யூனிகோடில் எழுதலாம். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ என்ற யூனிகோடு எழுத்துரு கூடவே வருகிறது, அதுவே போதும். வேறு எழுத்துருதான் வேண்டுமென்றால் பவர்பாயிண்ட்டில் பைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் ‘எம்பெட் பாண்ட்ஸ்’ கட்டத்தில் சரி போடுங்கள். பென்டிரைவில் ஒரு பிடிஎஃப் நகலும் இருக்கட்டும். அதில் காணொளி ஓடும் என்று நம்ப வேண்டாம், எழுத்து மட்டும் கலையாது.

கறுப்புப் பட்டைக்குக் காரணம் வீட்டு விளக்கு. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகம் 1/60 நொடியில் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. கைப்பேசிக் கேமராவின் புரோ மோடில் 1/50 அல்லது 1/100 வையுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு, பாட்டியை அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார வையுங்கள்.

குரலுக்கு இன்னொரு கைப்பேசி தேவை. படம் எடுக்கும் கைப்பேசி இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் காற்றாடியும் கோழியும்தான் பதிவாகும். இரண்டாவதை ஒலிப்பதிவுக்கு வைத்து, பாட்டியின் வாயிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். தொடங்கும்போது ஒருமுறை கை தட்டுங்கள். தொகுக்கும்போது இரண்டு பதிவிலும் அந்தக் கைதட்டல் கூராக எழும், அதை வைத்துப் பொருத்திவிடலாம். தகரக் கூரையில் மழை பெய்தால் நிறுத்திவிடுங்கள், அந்த இரைச்சலைப் பிறகு சுத்தமாக எடுக்க முடியாது. வாட்சப்பில் அனுப்பினால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள், காணொளியாக அனுப்பினால் தரம் சுருங்கும். வகுப்புப் புரொஜெக்டருக்கு விஜிஏ கம்பிதான் என்றால் அதில் ஒலி போகாது, தனி ஸ்பீக்கர் கொண்டு போங்கள்.

கடைசியில் சொன்ன குறைதான் பெரியது. திரையில் பத்தி பத்தியாக எழுதினால் வகுப்பு வாசிக்கத்தான் செய்யும், அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. முதலில் பேச்சை எழுதி, கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். காணொளிக்கு 2 நிமிடம் போனால் பேச்சுக்கு 5தான். அதன் பிறகு எந்த இடத்தில் படம் இல்லாமல் புரியாதோ அங்கே மட்டும் ஒரு திரை. உங்கள் தலைப்பிலேயே நல்ல இடம் இருக்கிறது: வெட்டு ஏன் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிகிறது? பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன, அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மரத்தின் அண்மைப் படம் ஒன்று, அதில் ஒரு அம்புக்குறி. மீதியை நீங்கள் வாயால் சொல்லுங்கள். எழுத்து வேண்டிய இடத்தில் 28 புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள், தமிழின் சுழிகள் சிறிய அளவில் பின்வரிசைக்கு ஒட்டிப்போய்த் தெரியும். பாட்டி சொன்னதை விளக்கும்போது ‘B’ விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும். மறுபடி அழுத்தினால் படம் திரும்பும்.