பையனுக்கு இரண்டு வயதாகிறது, இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசமாக இருக்குமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுக்க வேண்டாம். என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. அவனுக்கு இரண்டு வயதானபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சுத்தான். "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்றார்கள். அதை நம்பி ஒரு வருடத்தை விட்டுவிட்டோம். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

பேச்சு மட்டும் தாமதமாகும் பிள்ளைகள் நிறைய உண்டு. அதனால் எத்தனை வார்த்தை வந்தது என்று எண்ணாதீர்கள். பேச்சில்லாமலே அவன் உங்களிடம் எதையெல்லாம் சொல்கிறான் என்று பாருங்கள். என் மகனுக்கு ஃபேன் ஓட வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், என் கையைத் தூக்கி சுவிட்சில் வைப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். அதே வயதில் என் நாத்தனார் மகளுக்கும் பேச்சு வரவில்லை. ஆனால் மதில்மேல் காக்கா உட்கார்ந்தால் விரலை நீட்டுவாள், சட்டென்று அம்மா முகத்தைப் பார்ப்பாள், மறுபடி காக்காவைப் பார்ப்பாள். காக்கா அவளுக்கு வேண்டாம், அம்மாவும் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படிக் காட்டுவது வந்துவிடும். வராவிட்டால் அது ஆட்டிசத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

கூப்பிட்டால் திரும்பாதது, பொம்மைக் காரைக் கவிழ்த்துச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பது, மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்தி அலறுவது இதெல்லாமும் என் மகனிடம் இருந்தது. ஒன்றிரண்டை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் ஏற்கெனவே வந்த சொற்கள் நின்றுபோனால், அதற்காகவே உடனே டாக்டரைப் பாருங்கள்.

முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்வார்கள், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். அப்புறம் எம்-சாட் என்ற 20 கேள்விகள், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. அது சந்தேகத்தைக் காட்டும், முடிவு சொல்வது மருத்துவர்தான். தமிழ்நாட்டில் இருந்தால், மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. மையம் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைச் சின்ன வயதிலேயே கண்டறிந்து உதவும் இடம்) எங்கே என்று கேளுங்கள், கட்டணம் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருப்பதால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கலாம்.

ஸ்டெம் செல் ஊசியில் சரியாகிவிடும் என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து கிடையாது. தடுப்பூசியால் வந்தது என்பதும் பொய். அந்தப் பேச்சைக் கிளப்பிய 1998 கட்டுரையை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது.

இது ஆட்டிசம்தான் என்று டாக்டர் உறுதிசெய்யும்வரை தெரபியைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கள் ஸ்பீச் தெரபிஸ்ட் முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: கையை இழுத்தால் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். அவன் கண்ணுக்கு நேராகக் குனிந்து, "ஃபேன்" என்று ஒரே சொல் சொல்லி, மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். ஒரு பார்வையோ ஒரு சத்தமோ வந்தாலும் போட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு இருபது, முப்பது தடவை செய்தோம்.

மூன்றரை வயதில் ஒரு நாள் ரயில்வே கேட்டில் நின்றிருந்தோம். கூட்ஸ் வண்டி வந்தது. இடுப்பில் இருந்தவன் விரலை நீட்டினான், திரும்பி என் முகத்தைப் பார்த்தான். கடைசிப் பெட்டி போகும்வரை நீட்டிய விரலை மடக்கவில்லை. பேச்சு அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது.