நாலு குரலுக்கு ஒரு புதுப் பாட்டு

அன்புள்ள ஐயா,

மதுரை அரசரடிப் பக்கம் முப்பது பேர் சேர்ந்து பாடுகிற குழு எங்களுடையது. பாதிப் பேர் சர்ச் கொயரில் வளர்ந்தவர்கள், மீதிப் பேர் பேங்க், பள்ளிக்கூடம், மருந்துக்கடை. இந்த வருடம் ஓர் இசையமைப்பாளரிடம் பணம் கொடுத்துப் புதுப் பாட்டு எழுதி வாங்கலாம் என்றேன். ‘தெரியாத பாட்டை யார் கேட்பார்கள், இளையராஜா பாட்டையே பாடுவோம்’ என்கிறார்கள். உங்கள் கருத்து?

சு.

அன்புள்ள சு.,

இளையராஜாவையும் பாடுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் புதுப் பாட்டுக்கு மதுரைக்காரர்கள் தயங்கலாமா? சங்க நூலான பரிபாடலை எடுத்துப் பாருங்கள். வையையும் (நம் வைகைதான்) திருப்பரங்குன்றமும் வருகிற அந்த நூலில் பெரும்பாலான பாட்டுகளுக்குப் புலவர் பெயர் தனி, இசை வகுத்தவர் பெயர் தனி, பண்ணும் குறித்திருக்கிறது. வையையில் வெள்ளம் வருகிற ஆறாம் பாட்டை எழுதியவர் நல்லந்துவனார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார். வைத்தியத்துக்கு நடுவே மெட்டும் போட்டிருக்கிறார் போல, உங்கள் மருந்துக்கடைக்காரரிடம் சொல்லுங்கள். பாலையாழ் என்ற பண் பெயர் மிஞ்சியது, மெட்டு போய்விட்டது. அந்தப் பாட்டுக்கே புதிதாக இசை அமைக்கக் கொடுங்கள் என்பேன். மேகம் கடலை மொண்டு, பாரம் தாங்காமல் கொட்டுகிற தொடக்கம் நாலு குரலுக்கு, அதாவது பெண் குரல் இரண்டும் ஆண் குரல் இரண்டுமாகப் பிரிந்து பாடுவதற்கு, அப்படிப் பொருந்தும்.

பயிற்சி போதாது என்பார்கள். சென்னையில் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் பாரதி பாட்டுகளைச் சேர்ந்திசையாக்கி, சாதாரண ஆட்களை வைத்தே பாடவைத்தார்.

இசையமைப்பாளரை முதலில் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். இந்த மாதிரிக் குழுக்களில் டெனாருக்கு, அதாவது உயர்ந்த ஆண் குரலுக்கு, எப்போதும் பஞ்சம், இருக்கிற இரண்டு மூன்று பேரைக் கேட்காமல் எழுதினால் அளவெடுக்காமல் தைத்த சட்டைதான். சர்ச் ஆட்கள் சோல்ஃபாவில் (டோ, ரே, மி என்று எழுதும் இசைக்குறிப்பு) படித்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு ஒவ்வொரு குரலையும் தனியாகப் பாடி வாட்ஸப்பில் அனுப்புங்கள். தமிழில் இன்னொரு தொல்லை, குறிலை இழுத்தால் சொல்லே மாறிவிடும், அதோடு நாலு குரலும் ஆளுக்கொரு சொல்லில் நின்றால் கேட்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. முதல் சில வரிகளை எல்லோரும் ஒரே மெட்டில் பாடிவிட்டு அப்புறம் பிரியட்டும்.

பணத்தை முதலிலேயே பேசுங்கள். ‘நம்ம தம்பிதானே’ என்று சால்வை போர்த்தி அனுப்புகிற நம்மூர்ப் பழக்கம் எனக்கு ஆகவே ஆகாது. அதே சமயம், காசு கொடுத்ததாலேயே பாட்டு உங்களுடையது ஆகிவிடாது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை அவருக்குத்தான். பாடும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள், எத்தனை வருடம் என்றும் எழுதுங்கள், எழுதாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டம் அதை ஐந்து வருடம் என்றே கொள்ளும்.

யார் கேட்பார்கள் என்றால், ஒரே மாலையில் இரண்டு தடவை பாடுங்கள். முதலில் ஒருவர் பாட்டை வாசித்துப் பொருள் சொல்லட்டும், பாடுங்கள், நடுவில் இளையராஜா, கடைசியில் மறுபடி அதே பாட்டு. முதல் தடவை திருதிருவென்று விழிக்கிற கூட்டம் இரண்டாம் தடவை தலையாட்டும். சித்திரைத் திருவிழா சமயத்தில் மட்டும் வைக்காதீர்கள், மண்டபம் கிடைத்தாலும் தெருவில் கட்டியிருக்கிற ஸ்பீக்கரோடு போட்டி போட முப்பது பேர் பத்தாது.