கேள்வி-பதில்: வால்வு ஹெட்போன் ஆம்ப்புக்கு எந்த வால்யூம் கண்ட்ரோல்?

இந்த முறை வந்த கேள்விகளில் ஐந்து ஒரே சாமானைப் பற்றியவை: குமிழைத் திருப்பினால் தடை மாறிச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் கண்ட்ரோல். பழைய ரேடியோவில் ஒளிரும் கண்ணாடிக் குழாயான வால்வு போட்டு வீட்டிலேயே ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள் நம் பக்கம் இத்தனை பேர் இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. மற்ற கேள்விகள் அடுத்த முறை.

கேள்வி (அம்பாசமுத்திரம்): அண்ணாச்சி, 12ஏயூ7 வால்வு ஒன்று, ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் இரண்டு போட்டு ஹெட்போன் ஆம்ப் கட்டுகிறேன். சர்க்யூட்டில் வால்யூம் 100கே லாக் என்று இருக்கிறது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கேட்டால் 10கே, 50கே, 500கே மூன்றும் எடுத்து வைக்கிறார். லாக்கா லீனியரா என்றால் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்கிறார். எதை வாங்க?

பதில்: ஒன்றில்லை தம்பி. கே என்றால் ஆயிரம் ஓம் தடை. லாக், லீனியர் என்பது குமிழைத் திருப்பத் திருப்பத் தடை எப்படி மாறுகிறது என்பது. லீனியரில் குமிழைக் கால்வாசி திருப்பினால் சிக்னலில் கால்வாசி வந்துவிடும். முழு வால்யூமுக்கு அது 12 டெசிபல்தான் குறைவு. அதாவது மெதுவில் இருந்து சத்தம் வரைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் முதல் கால் திருப்பிலேயே முடிந்துபோகும், மீதி முக்கால் திருப்புக்குப் பெரிதாக வேலை இருக்காது. நம் காது சத்தத்தை மடங்கு மடங்காகத்தான் உணர்கிறது, அதற்கு ஏற்ற மாதிரி கார்பன் தடம் போட்டதுதான் லாக்.

முதுகில் ஏ50கே என்று இருந்தால் லாக், பி50கே என்றால் லீனியர். ஜப்பான், சீனா, தைவான் சாமான்களுக்கு இது பொருந்தும். பழைய ஐரோப்பிய சாமான்களில் எழுத்து தலைகீழாகவும் இருக்கும். அதனால் எழுத்தை நம்பாமல் கடையிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். தண்டு உங்களைப் பார்க்க, கால்கள் கீழே தொங்க, குமிழைச் சரிபாதியில் நிறுத்துங்கள். இடது காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே அளந்தால் 50கே லீனியர் 25கே பக்கம் காட்டும். லாக் 5கேயில் இருந்து 7.5கேக்குள் நிற்கும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அடுத்து மதிப்பு. வால்வில் சிக்னல் நுழையும் கால்தான் கிரிட், அது கரண்ட் எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் 500கே போட்டால் என்ன என்று தோன்றும். கிரிடுக்கும், பெருகிய சிக்னல் வெளிவரும் பிளேட்டுக்கும் நடுவே ஒன்றரை பிகோஃபாரட் அளவுக்கு ஒரு சின்ன கெபாசிட்டன்ஸ் ஒளிந்திருக்கிறது. வால்வு எத்தனை மடங்கு பெருக்குகிறதோ ஏறக்குறைய அத்தனை மடங்கு அதுவும் பெருகிக் காட்டும். இதை மில்லர் விளைவு என்பார்கள். 60 மடங்கு பெருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வில் அது 100 பிகோஃபாரட் ஆகிவிடும். 500கே வால்யூமின் தடத்தில் பாதியில் நின்றால் வழியில் 125கே தடை இருக்கும். இரண்டும் சேர்ந்தால் 13 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயே உச்ச ஒலி மங்கத் தொடங்கிவிடும். ஜாலராவின் பளபளப்பு போய்விடும். உங்கள் 12ஏயூ7 பெருக்கம் குறைந்தது, இவ்வளவு கெடுக்காது. ஆனாலும் தெரிந்தே ஏன் போட வேண்டும்?

10கே பக்கம் வேறு வம்பு. போனோ, டிஜிட்டல் பாட்டைச் சிக்னலாக மாற்றித் தரும் புதிய டாக்கோ அதைத் தாங்கும். ஆனால் அப்பா காலத்து டேப் டெக், வால்வு டியூனர் எதையாவது ஒருநாள் மாட்டிப் பார்ப்பீர்கள், மாட்டாமல் இருக்க மாட்டீர்கள். அதில் சிக்னல் வெளியே வரும் வாசலில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இருந்தால் 10கேயோடு சேர்ந்து 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் அரித்துவிடும். தவில் போய் டப்பா மிஞ்சும்.

ஆக 50கே லாக், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்றாக இரட்டை அடுக்கு, ஆறு கால் உள்ளதை வாங்குங்கள். 100கே கிடைத்தாலும் சரி. 100கே லீனியர் மட்டும்தான் கிடைத்தது என்றால் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 15கே ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவையுங்கள், இரண்டு அடுக்கிலும். பாதித் திருப்பில் 14 டெசிபலுக்கு மேல் குறைந்து, லாக் மாதிரியே நடந்துகொள்ளும். முழுத் திருப்பில் மட்டும் 13கே சுமையாகத் தெரியும்.

கட்டும்போது வால்யூமின் உலோக உடம்பைப் பெட்டியோடு சேர்த்து எர்த் செய்ய மறக்காதீர்கள். எங்கள் ஊர்க் கொடைக்கு வரும் மைக் செட்டில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. ஆபரேட்டர் குமிழில் விரல் வைத்தால் குழாய் ஸ்பீக்கர் "உர்ர்ர்" என்று உறுமும், விரலை எடுத்தால் அடங்கும். சாமி இறங்குவதற்கு முந்தைய அறிகுறி என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். எர்த் விட்டுப்போன கோளாறு என்று தெரியப் பல வருடம் ஆனது.

கேள்வி (பாளையங்கோட்டை): ஆம்ப் கட்டி முடித்துவிட்டேன், ஒலி அருமை. ஆனால் ராத்திரி மெதுவாக வைத்தால் பாடுகிறவர் இடது காதுப் பக்கம் ஒதுங்கிவிடுகிறார். கொஞ்சம் கூட்டினால் நடுவுக்கு வருகிறார். ஆல்ப்ஸ் கம்பெனியின் நீல நிற வால்யூம் வாங்கினால் சரியாகும் என்கிறார்கள், விலை ஆயிரத்துக்கு மேல். வாங்கிவிடவா? நான் கேட்பது காதுக்குள் செருகும் இயர்போன்.

பதில்: பணத்தைப் பையிலேயே வையுங்கள். அந்தக் கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் பாதிப் பதில் அப்போதே முடிந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். டாக்கில் இருந்து 2 வோல்ட் வருகிறது. ஆம்ப் பத்துப் பன்னிரண்டு மடங்கு பெருக்கும். ஆனால் செருகும் இயர்போன் பலவற்றுக்கு 0.05 வோல்ட் வந்தாலே வீட்டில் கூப்பிடுவது கேட்காது. 24 வோல்ட் வரை கொடுக்கத் தயாராக இருக்கும் சிக்னலை 0.05க்கு இறக்க வேண்டும் என்றால், குமிழ் அடிமட்டத்திலேயேதான் கிடக்கும். ராத்திரி நேரத்தில் இன்னும் கீழே. 50கே தடத்தில் 500 ஓம்கூட இருக்காது, நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எந்த வால்யூமாக இருந்தாலும் இரண்டு அடுக்கும் ஒத்துப்போகாத இடம் அதுதான்.

என்னிடம் இருந்த சாதாரண வால்யூம் ஒன்றை அந்த இடத்துக்குச் சற்று மேலே நிறுத்தி அளந்தேன். ஒரு அடுக்கு 500 ஓம், மற்றது 700. பார்க்கச் சின்ன வித்தியாசம், காதுக்கு அது 3 டெசிபல். பாடகர் ஓரமாகப் போய் உட்கார அது தாராளம். அதே வால்யூமைப் பாதிக்குத் திருப்பி அளந்தால் ஒரு அடுக்கு 6.1கே, மற்றது 6.3கே. அரை டெசிபல்கூட இல்லை. ஆக, குமிழை அந்தச் சேற்றில் இருந்து மேலே ஏற்றினால் போதும்.

வால்யூமுக்குள் சிக்னல் நுழையும் காலுக்கு முன்னால், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்றாக 150கே ரெசிஸ்டர் போடுங்கள். மெட்டல் ஃபிலிம், ஒரு சதவீத வகை. 50கே வால்யூமோடு சேர்ந்து சிக்னல் நாலில் ஒரு பங்காகும், 12 டெசிபல் குறையும். முன்பு 500 ஓமில் வந்த சத்தத்துக்குக் குமிழ் இப்போது 2கேயில் நிற்கும். இரண்டு ரெசிஸ்டருக்கும் சேர்த்து ஒரு டீக்காசுகூட ஆகாது. அதற்கு அப்புறமும் சாய்ந்தால் நீலத்தை வாங்குங்கள். அது நல்ல சாமான்தான், அடுக்குகளை ஒத்துப்பார்த்துச் செய்கிறார்கள். ஆனால் அடிமட்டம் அதற்கும் அடிமட்டம்தான்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. குமிழைப் பூஜ்யத்தில் வைத்தும் "உம்ம்" என்று ஹம் கேட்டால் அதற்கு வால்யூம் பொறுப்பில்லை. வால்வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சாமான், பின்னால் பிறக்கும் ஹம்மை எப்படிக் குறைக்கும்? பவர் சப்ளையைப் பாருங்கள்.

கேள்வி (உவரி): ஆறு மாதத்தில் வால்யூம் கரகரக்கிறது. கடல் காற்று உப்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு தடவை மாற்றிவிட்டேன். காற்றே புகாத வால்யூம் விற்கிறதா?

பதில்: மூடி போட்ட வகை விற்கிறது. ஆனால் இரண்டு தடவையும் ஆறே மாதம் என்றால் எனக்குக் கடல் மேல் சந்தேகமில்லை, ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரத்தின் மேல்தான் சந்தேகம். கார்பன் தடத்தில் டிசி ஓடினால், புதுச் சாமானும் திருப்பும்போது கரகரக்கும்.

செட்டை ஓடவிட்டு, பாட்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு, நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வையுங்கள். மூடியைத் திறந்துதான் இதைச் செய்ய வேண்டும், உள்ளே 200 வோல்ட் இருக்கும் செட் என்றால் ஒரு கை பாக்கெட்டிலேயே இருக்கட்டும். குமிழைத் திருப்பும்போது எண் ஏறி இறங்கினால் டிசி கிரிடில் இருந்து வருகிறது, வயதான வால்வில் இது அதிகம். நடுக்காலுக்கும் கிரிடுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கண்டென்சர், கிரிடில் இருந்து கிரவுண்டுக்கு 1 மெகாஓம். இது கேட்கும் ஒலியைத் தொடாது, 2 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டும். பாட்டுக் கம்பியை மாட்டினால் மட்டும் எண் வருகிறதா? அப்படியானால் கண்டென்சர் வால்யூமுக்கு முன்னால் போக வேண்டும். கண்டென்சர் போடாவிட்டாலும் அந்த 1 மெகாஓம் எப்போதும் இருக்கட்டும். நடுக்காலின் தொடர்பு ஒரு நொடி விட்டுப்போனால் கிரிட் அந்தரத்தில் தொங்கும், காதில் "படார்" என்று அடிக்கும்.

டிசி இல்லையென்றால் அப்புறம் உப்பைத் திட்டலாம். கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, கரண்டை நிறுத்திவிட்டு முப்பது தடவை முழுசாகத் திருப்புங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம்.

கேள்வி (தென்காசி): ஸ்டெப் அட்டெனுவேட்டர்தான் உயர்ந்தது என்கிறார்களே?

பதில்: தடத்துக்குப் பதில் ரெசிஸ்டர்களைப் படிப்படியாக மாற்றும் சுவிட்ச்தான் அது. இடது வலது ஒத்துப்போவதில் உயர்ந்ததுதான், உள்ளே ரெசிஸ்டர்கள்தானே. ஆனால் 24 படி, படிக்கு 2 டெசிபல் என்றால் மொத்தம் 46 டெசிபல்தான் இறங்கும். ராத்திரி ஹெட்போனில் கேட்கிறவருக்கு ஒரு படி கூடுதல், ஒரு படி குறைச்சல் என்று எரிச்சலாக இருக்கும். வாங்கினால், அடுத்த படியைத் தொட்ட பிறகே பழைய படியை விடும் சுவிட்சா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் படிக்குப் படி "டொக்" என்று கேட்கும். உங்கள் முதல் ஆம்புக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி (வள்ளியூர்): ஆன்லைனில் ஆல்ப்ஸ் நீல வால்யூம், 50கே லாக் என்று போட்டதை நம்பி வாங்கினேன். நீங்கள் சொல்கிற மாதிரி அளந்தால் லீனியர். விற்றவர் "பாக்கெட் பிரித்தாச்சு, ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்.

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. 2020ஆம் வருட மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, பொருள் போலியாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. முதலில் அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே என்றால் திருநெல்வேலியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊர்ப் பக்கமே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த மாநிலமாக இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனம். பற்றவைப்பதற்கு முன்னால் அளந்திருக்க வேண்டும். ஈயம் பட்ட காலைப் பார்த்தால் "நீங்கள் கெடுத்தது" என்று தொடங்கிவிடுவார்கள். பார்சல் வந்ததும் உறை, விலாசச் சீட்டு, சாமானின் முதுகு, மீட்டரின் எண் எல்லாம் தெரிகிற மாதிரி ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள்.

நானும் இப்படி ஒன்று வாங்கி ஏமாந்தவன்தான். 50கே லாக் என்று வந்தது, அளந்தால் 100கே லீனியர். வீடியோவை அனுப்பினேன், நாலாம் நாள் பணம் திரும்பி வந்தது, சாமானைத் திருப்பிக் கேட்கவே இல்லை. அது இப்போது அம்மாவின் அறை ரேடியோவில், 15கே ரெசிஸ்டரோடு ஓடிக்கொண்டிருக்கிறது.