சாவியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு நூலகப் பொறுப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஐந்து பீரோக்களில் சுமார் 2,600 புத்தகங்கள். திறக்க நேரமில்லாததால் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. "நாங்க பாத்துக்கறோம் டீச்சர்" என்று சில பிள்ளைகள் முன்வருகிறார்கள். ஆனால் புத்தகம் தொலைந்தால் கைக்காசு போட வேண்டியிருக்கும் என்று சக ஆசிரியர்கள் எச்சரிக்கிறார்கள். மழைக்காலத்தில் பூஞ்சைத் தொல்லை வேறு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பிள்ளைகள் தாங்களாகவே கேட்டு வந்திருக்கிறார்கள். பல பள்ளிகளில் அதற்கே ஏங்க வேண்டியிருக்கிறது. ஆகவே தயங்காமல் தொடங்குங்கள்.

முதலில் தொலைந்துபோகும் பயம். பீரோ பூட்டியே கிடப்பதற்கு அதுதான் காரணம், அதனால் அதைத் தீர்க்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. புழங்கும் நூலகத்தில் சில புத்தகங்கள் காணாமல் போகத்தான் செய்யும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017) இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்கின்றன: ஓராண்டில் வழங்கப்படும் அல்லது எடுத்துப் பார்க்கப்படும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வரை தொலைவது இயல்பான இழப்பு, அதில் நேர்மைக்கேடோ அலட்சியமோ இல்லாத வரை. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, உங்கள் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தலைமை ஆசிரியரிடம் பேச நல்ல ஆதாரம். ஒரு நாளைக்கு 20 புத்தகம் வீதம் 200 வேலை நாட்களுக்கு 4,000 வழங்கல் என்று வையுங்கள். அந்தக் கணக்கில் 20 புத்தகங்கள் வரை போகலாம். இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, தீர்மானமாகவே எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம் பழி உங்கள் ஒருவர் தலையில் விழாது.

அடுத்தது குழு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்கு விட்டுவிடுங்கள். 8, 9, 11ஆம் வகுப்புகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் போதும். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவர்களை மட்டும் பொறுக்க வேண்டாம். படிப்பில் பின்தங்கியவன், பேசவே கூச்சப்படுகிறவள், வகுப்பில் ஓரிடத்தில் நிற்காதவன் என்று எல்லோரும் இருக்கட்டும். பெரியவர் ஒருவர், சின்னவர் ஒருவர் என்று சோடி சேருங்கள். பெரியவர் பள்ளியை விட்டுப் போகும்போது வேலை சின்னவர் கையில் இருக்கும். தண்டனையாக யாரையும் நூலகத்துக்கு அனுப்பாதீர்கள் என்று சக ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. பெரும்பாலான பள்ளிகளில் 'மாணவர் உதவி' என்றால் பிள்ளைகள் தூசி தட்டுவார்கள், அடுக்குவார்கள், விழாவுக்கு நாற்காலி போடுவார்கள். இரண்டு மாதத்தில் சலித்துவிடும். முடிவெடுக்கும் வேலையைக் கொடுங்கள். எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்க வேண்டும், எது கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், புதிதாக எதை வாங்குவது என்பதை அவர்கள் சொல்லட்டும். ஒரு சாவி உங்களிடம், இன்னொன்று குழுவிடம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. சீர்காழியில் பிறந்த ஒருவர் அன்றே சொன்னதை நாம் இன்னும் பூட்டிவைத்திருக்கிறோம்.

கூடலூர் பக்கம் ஒரு பள்ளியில் அடுக்கும் வேலையை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடமே விட்டோம். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி எண் முறையைச் சொல்லித்தந்தேன்: 398.2 என்றால் நாட்டுப்புறக் கதை, 590 விலங்குகள், 894.811 தமிழ் இலக்கியம். கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு, "சார், ஆறாங்கிளாஸ் பசங்களுக்கு நம்பர் புரியாது, கலர் ஒட்டலாம்" என்றார்கள். எண்ணை மூன்றிலக்கமாகக் குறுக்கி முதுகில் எழுதி, அதற்கு மேலே வண்ணப் பொட்டு ஒட்டினார்கள். விலங்குக்குப் பச்சை, கதைக்கு மஞ்சள், அறிவியலுக்கு நீலம். அன்றிலிருந்து புத்தகம் இடம்மாறிப் போவது வெகுவாகக் குறைந்தது. அதைவிடவும் நல்லதாக, சிறு துண்டுச்சீட்டில் பரிந்துரை எழுதிப் புத்தகத்தில் செருகும் பழக்கம் வந்தது. ஒரு பையன் எழுதிய சீட்டு இன்னும் நினைவில் இருக்கிறது: "41ஆம் பக்கம் வரை பொறுத்துக்கொள். அப்புறம் நிறுத்த முடியாது." அந்தப் புத்தகம் வருடங்களாகத் தொடாமல் கிடந்தது. சீட்டு வைத்த பிறகு அதற்கு வரிசை நின்றது.

நேரத்தைப் பொறுத்தவரை, மாலையில் வேண்டாம். நம் மலையில் நான்கரை மணி மினி பஸ்ஸை விட்டால் பிள்ளைகள் ஹட்டிக்கும் (படுகர் ஊர்) எஸ்டேட் லைனுக்கும் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) நடந்துதான் போக வேண்டும், மூடுபனி வேறு. மதிய உணவு இடைவேளையில் 25 நிமிடம் தினமும் திறந்தால் போதும். வழங்கல் பதிவேட்டில் தேதி, பதிவு எண், பெயர், வகுப்பு, திரும்பிய தேதி என ஐந்து பத்திகள் மட்டும் இருக்கட்டும். அபராதம் வேண்டாம். ஐந்து ரூபாய்க்குப் பயந்து புத்தகத்தையே திருப்பித் தராதவர்கள் உண்டு. யார் என்ன படிக்கிறார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பதைக் குழுவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வளரிளம் பருவ உடல்நலம் பற்றிய புத்தகத்தை ஒரு பெண் எடுத்துப்போனாள் என்று வகுப்பில் சிரிப்பு எழுந்தால், அவள் மறுபடி அந்த அறைக்கு வர மாட்டாள்.

பூஞ்சை விஷயத்துக்கு வருவோம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவம் கொட்டித் தீர்க்கும். உங்கள் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம்தான் பெரிய சோதனை. சுவரை ஒட்டி நிற்கும் இரும்பு பீரோவின் பின்பக்கம்தான் முதலில் வியர்க்கும். ஆகவே சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரக்கட்டை மேல் வையுங்கள். புத்தகங்களை நெருக்கித் திணிக்காமல் காற்றுக்கு இடம் விடுங்கள். வெயில் அடிக்கும் நேரம் பார்த்துக் கதவைத் திறந்துவையுங்கள், பனிமூட்டம் இறங்கியதும் மூடிவிடுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கும். அதைத் தினமும் பார்த்துக் கரும்பலகையில் எழுதும் வேலைக்கு ஒரு பிள்ளை போதும், அறிவியல் பாடமும் அதில் சேர்ந்துவிடும்.

பூஞ்சை பிடித்த புத்தகத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. தனியே வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, கட்டடத்துக்கு வெளியே மென்மையான பிரஷால் தட்டுங்கள். இதை முகக்கவசத்தோடு பெரியவர்கள் செய்வதே நல்லது. இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகள் அந்தப் பக்கமே வர வேண்டாம். பிள்ளைகள் உட்காரும் அறையில் நாஃப்தலீன் உருண்டை வேண்டாம். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டினால் மஞ்சளாகிப் பக்கத்தையே கெடுத்துவிடும். மைதாப் பசை வெள்ளிப்பூச்சியை வரவழைக்கும், பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது ஆபத்து, அது விஷம். வெள்ளைப் பசையும் மெல்லிய காகிதமும் போதும்.

வாங்குவதற்குப் பணம்? பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தின் நூலக மானியம் பள்ளி நிலையைப் பொறுத்து ரூ.5,000 முதல் ரூ.20,000 வரை ஒதுக்கப்படுகிறது. தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு பங்கையாவது குழு தேர்ந்தெடுத்த பட்டியலுக்கு ஒதுக்குங்கள். பள்ளிக்கு வரும் தேன்சிட்டு இதழ்களைக் கட்டி அடுக்காமல் மேசை மேல் பரப்பிவைக்கவும் மறக்காதீர்கள்.

இன்னொரு தட்டும் வேண்டும் என்பேன். உங்கள் வகுப்பில் படுகர் வீட்டுப் பிள்ளைகள், கோத்தர், இருளர் பிள்ளைகள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் என்று பலர் இருப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதைகளை, அவர்கள் அனுமதியோடு, அவரவர் பேச்சிலேயே தமிழ் எழுத்தில் எழுதிவரச் சொல்லுங்கள். கையெழுத்துப் பக்கங்களைத் தைத்து, அட்டை போட்டு, பதிவு எண் கொடுத்து, மற்ற புத்தகங்களோடு வைத்துவிடுங்கள். தன் பாட்டி கதைக்கு 398.2 என்று எழுதி ஒட்டிய ஒரு சிறுமியின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அன்று முழுவதும் அந்தத் தட்டின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இந்த வாரம் ஒரு பீரோவை மட்டும் திறந்து, குழுவோடு இருப்புப் பதிவேட்டைச் சரிபாருங்கள். இல்லாதவற்றை இப்போதே 'முன்பே காணப்படவில்லை' என்று எழுதித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சிதைந்தவற்றைத் தனிப் பட்டியல் போட்டு ஒதுக்கிவையுங்கள், முறைப்படி நீக்க அனுமதி வரும்வரை வீசிவிடக் கூடாது. ஒரு மாதம் கழித்து வழங்கல் பதிவேட்டைப் பார்த்து, எந்த நிறப் பொட்டுப் புத்தகம் அதிகம் போயிருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்து என்ன வாங்கலாம் என்று அப்போது பேசுவோம்.