பைக் ஊழியம்: கேட்டதும் சொன்னதும்

பைக் ஓட்டுகிறவர்கள் நடுவே சுவிசேஷம் சொல்லும் ஊழியத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கே: பிரதர், இது ஊழியம் இல்லை, ஊர்சுற்றல் என்கிறார்கள் எங்கள் சபையில். என்ன சொல்வது?

ப: கோபப்படாமல் பில் ஷெர்கோல்டைப் பற்றிச் சொல்லுங்கள். லண்டனில் குருவானவராக இருந்தவர். ரவுடிகள் என்று ஊர் ஒதுக்கிய பைக் இளைஞர்கள் கூடும் ஏஸ் கஃபேக்கு 1962-ல் தன் பைக்கிலேயே போய், அவர்களை ஆராதனைக்கு அழைத்தார். அவர்களும் வந்தார்கள். அமெரிக்காவில் 1975-ல் கிறிஸ்டியன் மோட்டார்சைக்கிளிஸ்ட்ஸ் அசோசியேஷன் என்ற பைக் ஊழிய அமைப்பைத் தொடங்கிய ஹெர்ப் ஷ்ரீவும் போதகர்தான். மகனோடு நெருக்கமாக வேண்டும் என்றுதான் அவர் பைக் வாங்கினார். ஒரு அப்பாவின் பாசத்தில் பிறந்த ஊழியம் என்பதால் எனக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

கே: அண்ணா, எனக்குக் கூச்சம் அதிகம். முன்பின் தெரியாத ரைடரிடம் எப்படிப் பேச்செடுப்பது?

ப: தம்பி, அந்த ஷெர்கோல்டே முதல் தடவை ஏஸ் கஃபே வாசலில் நிற்கத் தைரியம் வராமல் நேரே ஓட்டிப் போய்விட்டார். கூச்சம் ஒரு குறையே இல்லை.

அப்போஸ்தலர் 8-ல் பிலிப்பு என்ன செய்தார் என்று பார். ஓடிப்போய் எத்தியோப்பிய மந்திரி ஒருவரின் இரதத்தோடு சேர்ந்துகொண்டார், அவர் வேதம் வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேட்டார், பிறகு ஒரே ஒரு கேள்வி. ஏறி உட்காரும்படி அழைத்தது மந்திரி. நம் ஊழியம் முழுவதும் அந்த அழைப்புக்குக் காத்திருப்பதுதான்.

ஒருமுறை சாலையோரம் கிளட்ச் கேபிள் அறுந்து ஒருவர் நின்றிருந்தார். என்னிடம் ஸ்பேர் இருந்தது. பழைய கேபிள் போன வழியிலேயே புதியதை விட்டு, லீவரில் கொஞ்சம் ப்ளே (தளர்வு) வைத்து முறுக்கிக்கொண்டிருந்தேன். டார்ச் பிடித்திருந்தவர் என் ஜாக்கெட்டில் இருந்த சிலுவையைப் பார்த்து, "இதெல்லாம் நிஜமாவே நம்புறீங்களா?" என்றார். "நம்புறேன்" என்றேன். அதற்கு மேல் நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தம்பியை விபத்தில் இழந்ததை அவரே சொல்ல ஆரம்பித்தார். கை கிரீஸோடு மண்ணில் உட்கார்ந்து கேட்டேன். கடைசியில், "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டதற்குத் தலையசைத்தார். அவ்வளவுதான் நடந்தது. வசனம் சொல்ல வாய்ப்பு வந்தது மூன்றாவது சந்திப்பில்.

கே: ஜாக்கெட் முதுகில் பெரிதாகப் பேட்ச் (துணிச் சின்னம்) தைக்கலாமா?

ப: அவசரப்படாதீர்கள். சில கிளப்புகளில் மேலே பெயர், நடுவே சின்னம், கீழே பகுதியின் பெயர் என்று மூன்று துண்டாக இருந்தால், அது அந்தப் பகுதிக்கு உரிமை கொண்டாடுவது. அறியாமல் அணிந்தால் சண்டையில் முடியும். அங்கே இருக்கும் கிளப்புகளிடம் முதலில் மரியாதையாகப் பேசுங்கள். ஒரே துண்டுப் பேட்ச் போதும்.

கே: சகோதரரே, நான் ஓட்டுவதில்லை, கணவரின் பின்னால் உட்கார்ந்து போகிறேன். எனக்கு இதில் பங்குண்டா?

ப: நிச்சயமாக உண்டு, சகோதரி. ரைடர்களின் மனைவிமார், தாய்மார் சுமக்கும் பயத்தை உங்களைப் போல் யாருக்கும் தெரியாது. எங்கள் குழுவில் மருத்துவமனைக்கு முதலில் போய் நிற்பது பெண்கள்தான்.

கே: துண்டுப்பிரதிகளை நிறுத்தியிருக்கும் வண்டிகளில் செருகி வைக்கலாமா?

ப: வேண்டாம். அடுத்தவர் வண்டியை அனுமதியில்லாமல் தொடவே கூடாது. கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15. கேட்டவர் கையில் கொடுங்கள்.

கே: குடிக்கிற இடங்களில் கூடுகிறார்களே, நாமும் போகலாமா?

ப: போகலாம், இரண்டு பேராக. குடிக்காதீர்கள், குடிக்கிறவரைக் கண்டிக்கவும் வேண்டாம். கிளம்பும்போது யாராவது தள்ளாடினால் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். மறுநாள் காலை வண்டியையும் சேர்ப்பித்துவிடுங்கள்.